நாட்டியக் குதிரையின் மேல் ஒரு தன்னம்பிக்கை வகுப்பு

குதிரையேற்றம் கற்றுக்கொண்டால் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு நேராகும் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் எனக்கு அறிவித்தார். நான் அப்போது குனிந்து மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தேன். என் முதுகுத்தண்டு எந்த நிலைமையில் இருக்கிறது என்று அவர் விசாரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்து கொடுத்தனுப்பிய வழவழப்பான காகிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. மரவள்ளிக்கு மருந்தடிக்கும் முறையைக்கூட அவர் இத்தனை பயபக்தியோடு படித்ததில்லை. தன்னம்பிக்கை வளருமாம். கவனம் கூடுமாம். பொறுப்புணர்ச்சி வருமாம். நன்றாகப் பசியெடுக்குமாம். கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. "கூச்சம் போயிடுமாம்" என்றார். பிறகு இன்னொரு முறையும் அதையே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. புண்ணாக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிசைந்தேன்.

கூச்சம் எங்கள் மகளுடையது. அப்போது நான்காம் வகுப்பு. வீட்டுக்குள் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் தாமதமாக வருவதற்கு வருத்தம் தெரிவிக்கும் அந்த அம்மாவின் குரலை அப்படியே பேசிக் காட்டுவாள். சோறு கேட்கும்போதும் அதே குரல்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தட்டு எண் ஒன்றில் ரசம் இன்னும் வரவில்லை." சாயங்காலம் வந்ததும் மாடுகள் இரண்டுக்கும் அன்று நடந்த பாடங்களைச் சொல்லித் தருவாள். என் வீட்டு மாடுகளுக்குச் சூரியக் குடும்பம் முழுக்கத் தெரியும்.

வாசற்படியைத் தாண்டினால் குழாயை மூடினாற்போல் நின்றுவிடும். யூகேஜியில் சேர்த்த நாள் முதல் அவள் குரலை ஒரு டீச்சரும் கேட்டதில்லை. வருகைப்பதிவுக்குக் கையைத் தூக்குவாள். சந்தேகம் வந்தால் பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். பரீட்சையில் எல்லாவற்றையும் எழுதிவிடுவாள். வாய் மட்டும் திறக்காது.

தருமபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது, சில குழந்தைகள் வெளியாட்கள் முன்னால் இப்படித்தான் இருப்பார்கள், வற்புறுத்தாமல் நேரம் கொடுங்கள் என்றார். இதைச் சொல்ல அவர் எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு டம்ளர் டீ ஆறியிருக்காது. ஆனால் அவர் சொன்னதுதான் சரியென்று எனக்குப் பட்டது. அதனாலேயே யாரும் அதைக் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். காலையில் பால் ஊற்றப் போகும்போது சொசைட்டியில் பார்க்கிற பழக்கம். அவர் சொன்னபடி நாக்கில் வசம்பைத் தேய்த்தோம். அவர் சொன்னபடியே தீர்த்தமலைக்கும் கூட்டிப் போனோம். ஒரு தீர்த்தம் விடாமல் தலையில் வாங்கிக்கொண்டு வந்ததில் பிள்ளைக்கு ஜலதோஷம் பிடித்தது. வேனுக்குக் காத்திருந்தபோது, தெருவில் நாலு பேர் பார்க்க, அவள் பலமாகத் தும்மினாள். "பாத்தியா, சத்தம் வர ஆரம்பிச்சிருச்சு" என்று அந்த அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எங்கே போனாலும் ஒரே கச்சேரிதான். யாராவது ஒருவர் குனிந்து, "உம் பேரென்ன கண்ணு?" என்பார்கள். அவள் தரையைப் பார்ப்பாள். உடனே அவள் அப்பா, "சொல்லு பாப்பா, சொல்லு" என்பார். நானும் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் இருக்கிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சாக்லேட்டைக் காட்டுவார்கள், போனை நீட்டுவார்கள். சொல்லு, சொல்லு, சொல்லு என்று நாலா பக்கமும் தாளம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் அவள் என் புடவைக்குப் பின்னால் போய் நிற்பாள். "வூட்ல நல்லா பேசுவாங்க" என்று நான் சமாதானம் சொல்வேன். அதை ஒருத்தரும் நம்பியதில்லை.

அந்த வருடம் விவகாரம் முற்றிவிட்டது. பள்ளியின் பிரின்சிபால் மேடம் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். ஏசி அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகவே பேசினார்.

"அஞ்சாம் வகுப்புல இருந்து ஓரல் டெஸ்ட் இருக்குங்க. வாயே திறக்காத குழந்தைய நாங்க எப்படி ப்ரமோட் பண்றது? இந்த வருசம் முடியறதுக்குள்ள கொஞ்சமாச்சும் பேசணும். இல்லைன்னா வேற ஸ்கூல் பாக்கறது குழந்தைக்கே நல்லதுங்க."

குழந்தைக்கே நல்லது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எங்கள் ஊரிலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. நல்ல பள்ளிதான், நானே அதில் படித்தவள்தான். படித்து, பி.எட். வரைக்கும் முடித்துவிட்டுத்தான் இப்போது தீவனம் கலக்கிறேன். ஆனால் இந்தக் காரணத்துக்காக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஊமை என்று துரத்திவிட்டார்கள் என்று சொல்லும். பிள்ளையின் காதில் விழுகிற மாதிரியே சொல்லும். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அப்புறம் அவள் பேச நினைத்தாலும் பேச விடாது. எனக்கு அதுதான் பயம். அந்த வருடம் முழுக்க அந்தப் பயத்தோடுதான் பால் கறந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வழவழப்பான காகிதம் வந்து சேர்ந்தது. மேடமே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்காகவே ஆரம்பிச்ச கோர்ஸ் மாதிரி இருக்குங்க சார்" என்றாராம். அவரை வாழ்க்கையில் அதுவரை யாரும் சார் போட்டுக் கூப்பிட்டதில்லை. அங்கேயே பணம் கட்டிவிட்டு வந்தார்.

பொறுப்புணர்ச்சியை எப்படி வரவழைப்பார்கள் என்று கேட்டேன். பிள்ளைகளே குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, லாயத்தைச் சுத்தம் பண்ண வேண்டுமாம். எங்கள் வீட்டில் மாடுகள் நிற்கும் கொட்டகைக்குள் அவள் சாயங்காலம் தவிர வேறு நேரத்தில் கால் வைக்கக் கூடாது. யூனிபார்மில் சாணி நாற்றம் வந்துவிடும், படிக்கிற பிள்ளை என்பது அவள் அப்பாவின் சட்டம். சாணி மாட்டினுடையதாக இருந்தால் நாற்றம், குதிரையினுடையதாக இருந்தால் ஆளுமை வளர்ச்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை காலையில். பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அரூர் ரோட்டில் இருக்கும் பள்ளியின் பின்பக்கம், புல் முளைக்காத மைதானத்தில் இரண்டு மட்டக்குதிரைகளும் ஒரு பெரிய வெள்ளைக் குதிரையும் நின்றன. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்ட ஒரு கோச், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வெள்ளைக் குதிரை அரேபிய இனம் என்று விளக்கினார். அப்பாக்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அரேபியாவையே பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தது அந்தத் தலையாட்டல்.

எனக்கு அந்தக் குதிரையை ஏற்கெனவே தெரியும். வால் நுனியில் சாயம் போன ரோஸ் கலர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் இடதுபக்கம் சாய்ந்த ஒரு பழுப்புத் திட்டு. கொஞ்ச மாதத்துக்கு முன்னால் பொம்மிடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் இப்போதெல்லாம் நடந்து வந்தால் மரியாதை இல்லை. முன்னால் பம்பை மேளம், பின்னால் தட்டு தூக்கும் பெண்கள், நடுவில் நாட்டியக் குதிரை, அதன் மேல் கூலிங்கிளாஸ் போட்ட மாமன். மண்டப வாசலில் பம்பைக்காரர்கள் அதன் முகத்துக்கு நேராக நின்று அடிக்க, சலங்கை கட்டிய காலைத் தூக்கித் தூக்கி ஆடி, கடைசியில் பின்னங்காலில் எழுந்து நின்றது. மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். அந்த அரேபியக் குதிரைதான் இது.

குதிரைக்குச் சொந்தக்காரர் காம்பவுண்டு ஓரம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"ஏங்க, இது சீருக்கெல்லாம் வர்ற குதிரைதான?"

"ஆமாங்க. முகூர்த்தம் இல்லாத நாள்ல இங்க வந்துருது."

"அங்க அப்படி ஆடுதே, இங்க புள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஆடாதா?"

"மோளம் இல்லாம எதுக்குங்க ஆடும்" என்றார், போனில் இருந்து கண்ணை எடுக்காமல்.

நியாயமான பதில்தான். ஆனாலும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ எதுலயும் குத்தம்தான் கண்டுபுடிப்ப. பஸ்ஸு கூடத்தான் திருவிழாவுக்கு ஆள் ஏத்துது, ஸ்கூலுக்கும் வருது" என்றார். திருவிழாவுக்குப் போகிற பஸ் மேளத்தைக் கேட்டால் ஆடாது என்று நான் சொல்லவில்லை. எல்லா அப்பாக்களும் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் பயன்கள் வர ஆரம்பித்தன. முதுகுத்தண்டு நேரானதோ இல்லையோ, தொடை வலியில் இரண்டு நாள் காலை அகட்டி அகட்டி நடந்தாள். பசி நன்றாகவே எடுத்தது. காலையில் ஒன்றும் தின்னாமல் வண்டியேறினால் யாருக்கும் எடுக்கும். அதையும் அவர் குதிரையின் கணக்கில்தான் சேர்த்தார். கவனம் கூடியது உண்மை. அவ்வளவையும் குதிரையிலேயே வைத்துவிட்டாள், கணக்குப் பாடத்துக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் அவளுக்குக் குதிரையைப் பிடித்துப்போயிற்று. அதை நான் கேலி பண்ண மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பச்சைச் சோளத்தட்டைப் பொடியாக நறுக்கித் தரச் சொல்லி, ஒரு பையில் கட்டி வைத்துக்கொள்வாள். வகுப்பு முடிந்து வந்ததும் கொட்டகையில் மாடுகளுக்கு முழு விவரமும் போய்ச் சேரும். ஈ மொய்த்தால் அதற்கு இடது கண்தான் முதலில் மூடுமாம். காதைத் தொட்டால் பிடிக்காதாம். ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"அம்மா, அதுக்கு முன்னங்காலு ரெண்டுலயும் தழும்பு இருக்குது. ஏன்?"

"சலங்கை கட்டினதா இருக்கும் பாப்பா."

"இல்லம்மா. நீட்டு நீட்டா இருக்குது. குச்சியில அடிச்ச மாதிரி."

காலைத் தூக்கப் பழக்குகிறவர்கள் எதைக் கொண்டு பழக்குவார்கள் என்று எனக்கும் ஓரளவு தெரியும். சோளத்தட்டை இன்னும் கொஞ்சம் சேர்த்து நறுக்கினேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கோச் என்னை ஓடிவந்து பிடித்தார். குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டு என் மகள் ஏதோ முணுமுணுத்தாளாம். "லிப்ஸ் மூவ் ஆச்சு மேடம், நானே பாத்தேன்" என்றார். என்ன பேசினாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததற்காக என் வீட்டுக்காரர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். வசம்பு அக்கா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, எல்லாம் தீர்த்தமலை ஈஸ்வரன் புண்ணியம் என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பள்ளியில் குதிரையேற்ற விழா ஒன்று ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகள் கற்றதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் அல்லவா, அப்போதுதானே அடுத்த வருடம் நாற்பது பேர் சேர்வார்கள். ஒரு பெரிய மனிதரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். பிள்ளைகள் குதிரை மேல் வரிசையாக நின்று அவரை வரவேற்க வேண்டும். எடை குறைவு, கலரும் படத்துக்கு எடுக்கும் என்று சொல்லி என் மகளை வெள்ளைக் குதிரையில் ஏற்ற முடிவு செய்தார்கள்.

மேடம் மறுபடியும் எங்களைக் கூப்பிட்டார். "பெருசா ஒண்ணும் வேண்டாங்க. சார் வந்ததும் 'வெல்கம் சார்'னு மட்டும் சொல்லட்டும். எல்லாரும் கேட்டாப் போதும். ஓரல் டெஸ்ட்ட நான் பாத்துக்கறேன்."

ஒரு வருடத்துப் பயமும் இரண்டே வார்த்தையில் வந்து நின்றது. அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சில்லை. அவள் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிறப்பு விருந்தினராக வாசலில் இருந்து உள்ளே வருவார். "வெல்கம் சார்" என்பாள், கணீரென்று. மாட்டைப் பார்த்தும் சொன்னாள். பால் வண்டிக்காரர் வாசலுக்கு வந்தபோது, "எங்க, இவருகிட்டச் சொல்லு" என்றார் அவள் அப்பா. குழாய் மூடிக்கொண்டது. அவர் முகம் சுண்டிப்போனது. "நாளைக்குச் சொல்லிருவா" என்று என்னிடம் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

விழாவன்று ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுயரப் பிளெக்ஸ் எல்லாம் முறைப்படி இருந்தன. குதிரைக்குச் சொந்தக்காரர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். என் மகள் தலையில் ஹெல்மெட்டோடு வெள்ளைக் குதிரையின் மேல் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வெல்கம் சார் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அதில் இருந்து பம்பையும் உறுமியுமாக எங்கள் ஊர்ப் பம்பை செட்டு மொத்தமும் இறங்கியது.

திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகமெல்லாம் பல். "பெரிய மனுசரு வர்றாரு, மோளம் இல்லாம எப்படி? நாந்தான் சொல்லி வெச்சேன். மேடத்துக்கு ரொம்ப சந்தோசம்" என்றார். எங்கள் மாவட்டத்தில் ஒரு பெரிய மனிதர் காரில் இருந்து இறங்கினால் மேளம் அடிக்காமல் இருக்க யாருக்கும் மனசு வராது. அவர் வருவது கல்யாணத்துக்கா கழிவறைத் திறப்புக்கா என்பதெல்லாம் அப்புறம். இவர் ஒருத்தரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இவர் ஏற்பாடு பண்ணாவிட்டால் இன்னொரு அப்பா பண்ணியிருப்பார்.

"குதிரை" என்றேன். அதற்குள் காரும் வந்துவிட்டது, பம்பையும் ஆரம்பித்துவிட்டது.

குதிரையின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. பிறகு வலது முன்னங்கால் எழுந்தது. பிறகு இடது. கூட்டத்தில் ஒரு ஆரவாரம். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். கைதட்டினார்கள், போனைத் தூக்கினார்கள். பம்பைக்காரர்களுக்கு அது பழகிய குதிரை. அது ஆடுவதைக் கண்டதும் எந்தச் சீர்வரிசையிலும் செய்வதைத்தான் செய்தார்கள். வரிசையை விட்டு அதன் முகத்துக்கு நேராகப் போய் நின்று, இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒரு பையனின் சித்தப்பாவோ யாரோ விசிலடித்தார். கோச் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு "ஸ்டாப், ஸ்டாப்" என்றார். அந்தக் குதிரையின் வாழ்க்கையில் அந்த வார்த்தைக்கு இடமே இருந்ததில்லை. மேடம் மைக்கில், "எங்க ஸ்டூடண்ட்ஸோட ஸ்பெஷல் பெர்பார்மன்ஸ்" என்று அறிவித்தார்.

நான் ஓடினேன். நாற்காலிகளும் நாற்காலியில் இருந்தவர்களின் முட்டிகளும் குறுக்கே வந்தன. யாரோ என்னைப் பார்த்து, "மறைக்காதீங்கம்மா" என்றார்கள். குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக் கொஞ்சம் எழுந்தது. என் மகள் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு பின்னால் சரிவதைப் பார்த்தேன். காதுகுத்தில் தொங்கிய மாமனின் உருவம் கண்முன்னால் வந்து போனது. எனக்குக் கத்த வரவில்லை. என் வாயும் அப்படி மூடிக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது.

மேளத்தில் அது முங்கிவிட்டது. மறுபடியும், இந்தமுறை மைதானம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"மோளத்த நிறுத்துங்கண்ணா. அது ஆடல, பயப்படுது. அடிக்காதீங்க. நிறுத்துங்க."

பொம்மிடி ஸ்டேஷனின் அதே கணீர்க் குரல். என் கால் நின்றுவிட்டது. முன்னால் நின்ற பம்பைக்காரர் குச்சியைத் தூக்கியபடியே நிறுத்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உறுமி மட்டும் கடைசியாக ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. குதிரை காலைத் தரையில் வைத்தது. அவள் அதன் கழுத்தில் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நான் போய் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். இறங்க மாட்டேன் என்று ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் அழுதேன். அத்தனை பேர் முன்னால் சத்தமாக அழுதேன், எனக்கு வெட்கமாகவே இல்லை. என் வீட்டுக்காரர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்தால் அந்தப் படத்தில் முழுக்க ஆகாயம்தான் இருந்தது, போனை மறந்து பிள்ளையையே பார்த்திருக்கிறார். சத்தம் மட்டும் பதிந்திருந்தது.

சிறப்பு விருந்தினர் போட்ட மாலையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்கீங்க" என்றார். வெல்கம் சார் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா? கான்பிடன்ஸ். அஞ்சாம் வகுப்புக்கு இனி ஒரு பிரச்சினையும் இல்லைங்க." ஒரு குழந்தை குதிரையில் இருந்து விழப் பார்த்ததை ஓரல் டெஸ்டாக எடுத்துக்கொண்ட பெருந்தன்மையை நான் எப்படி மறப்பேன்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் நான் பால் கறந்துகொண்டிருந்தேன். அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். யூனிபார்மோடுதான். அவள் அப்பா பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

"பாப்பா, அத்தனை பேரு முன்னால எப்படிப் பேசின?" என்று கேட்டேன்.

"அது ஆடலம்மா" என்றாள். "எனக்கு அடியில காலு, வயிறு எல்லாம் நடுங்குச்சு. நான் அதும்மேல இருந்ததால எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்கெல்லாம் தெரியல, கைதட்டினீங்க. நிறுத்துங்கன்னு சொல்ல அதுக்குப் பேச்சு வராதுல்ல. எனக்கு வரும்ல."

பால் பாத்திரத்துக்கு வெளியே பீய்ச்சிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

திங்கட்கிழமை பள்ளியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். அவள் வழக்கம்போல வருகைப்பதிவுக்குக் கையைத் தூக்கினாள். டீச்சருக்குப் பெரிய ஏமாற்றம். அந்த மாதத்தில் அவள் பள்ளியில் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் கோச்சிடம். "வெயில்ல நிக்குது, தண்ணி வைங்க சார்." அவர் வைத்தாராம்.

அடுத்த வருடத்து அட்மிஷன் ஆரம்பித்ததும் பொம்மிடி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் முளைத்தது. என் மகள் ஹெல்மெட்டோடு, வாயை முழுக்கத் திறந்துகொண்டு, ஆளுயரத்துக்கு இருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'குதிரையேற்றத்தின் பயன்: கூச்சத்தை வென்ற குழந்தை' என்று போட்டிருந்தது. நிறுத்துங்க என்று கத்திய வாய் சேருங்க என்று கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. மேடத்தின் படத்துக்கு இடம் வேண்டும் என்று குதிரையின் தலையை வெட்டியிருந்தார்கள்.

ஒருநாள் அவளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். கேட் போட்டிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் மகனின் வண்டியில் வசம்பு அக்கா. பிளெக்ஸைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அது நீதான? அந்த வீடியோவக் கேட்டேன், என்னா கொரலு. எங்க, எனக்கு ஒருக்கா பேசிக் காட்டு."

கேட்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தர் பிளெக்ஸைக் காட்டி இன்னொருத்தரிடம் சொன்னார். "சொல்லு கண்ணு" என்றது ஒரு குரல். "அட சும்மா சொல்லு" என்றது இன்னொன்று. ஒரு ஆள் போனைத் தூக்கினார். சொல்லு பாப்பா என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், தானாக வரும்.

அப்போது என் இடுப்பை இரண்டு பக்கமும் அணைத்திருந்த அவள் முட்டிகள் நடுங்குவது தெரிந்தது. லேசான நடுக்கம்தான். வெளியே இருந்து பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

"விடுங்கக்கா" என்றேன். "அவளுக்கு இப்ப இஷ்டமில்ல. யாரும் கேக்காதீங்க."

அக்காவின் முகம் தொங்கிப்போனது. போனைத் தூக்கிய ஆள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரயில் வந்து, போய், கேட் திறக்கும்வரை அவள் முட்டிகள் என்னை விடவில்லை. ஆனால் நடுக்கம் நின்றிருந்தது.